மாற்றிக் கட்டிய மோட்டார் சைக்கிள்: வாங்கலாமா?

கல்லூரியில் படிக்கும் மகன், இரவு உணவு முடிந்து தஸ்தர்கானை எடுக்கும் நேரம் பார்த்து, தன் கைபேசியை உங்கள் முன் நீட்டுகிறான். அதில் ஒரு மோட்டார் சைக்கிளின் படம். பெட்ரோல் டேங்க் இருக்கிறது, இருக்கை இல்லை. பின் சக்கரம் இருக்கிறது, அதன் மேல் மட்கார்டு இல்லை. "பழைய புல்லட்தான் வாப்பா. ஒருவர் முக்கால்வாசி வேலையை முடித்து வைத்திருக்கிறார். மீதியை நான் பார்த்துக்கொள்வேன். விலையும் மலிவு" என்கிறான். உம்மா உங்கள் முகத்தைப் பார்க்கிறார். நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

"வேண்டாம்" என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுவது எளிது. ஆனால் இரும்பையும் எண்ணெயையும் நேசித்து, ஒரு பொருளைத் தன் கையால் உருவாக்கிப் பார்க்க வேண்டும் என்று விரும்பும் பிள்ளையின் ஆர்வம் குறைத்து மதிப்பிடத் தக்கதன்று. அதே வேளையில், வளைகுடா வெயிலில் உழைத்து அனுப்பிய பணமோ, மாதச் சீட்டில் சேர்த்த பணமோ, ஓடாத ஓர் இரும்புக் குவியலாகக் கொல்லைப்புறத்தில் கிடப்பதையும் நாம் விரும்பமாட்டோம். அதைவிடப் பெரிது, அந்த வண்டியில் ஏறிப் போகப்போகும் உயிர். ஆகவே மகனோடு நீங்களும் போய்ப் பாருங்கள். எதைப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

இவ்வாறு உருமாற்றப்படும் வண்டிகளில் பெரும்பாலானவை நாம் இளமையில் கண்டவைதாம். சென்னையை அடுத்த திருவொற்றியூரில் 1955ஆம் ஆண்டு தோன்றிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் புல்லட் அவற்றுள் முதன்மையானது. அதிலும் 2010ஆம் ஆண்டுவாக்கில் உற்பத்தி நின்றுபோன வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட புல்லட்டுக்கு இளைஞரிடையே தனி மதிப்பு உண்டு. அடுத்தது யமஹா ஆர்.எக்ஸ். 100. 1985 முதல் 1996 வரையே தயாரிக்கப்பட்ட இந்த 98 சி.சி. வண்டிக்கு இன்றுள்ள கிராக்கியை அதைச் செய்தவர்களே எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். 1996இல் மூடப்பட்ட மைசூர் ஆலையின் ஜாவா, எஸ்டி வண்டிகளும் இந்த வரிசையில் அடங்கும். புதிதாகக் கிடைக்காத பொருளின் மீது ஆசை கூடுவது மனித இயல்பு.

இவற்றின் பின்பகுதியை அறுத்து ஒற்றை இருக்கை பொருத்துவோர் உண்டு. கைப்பிடியைத் தாழ்த்திப் பந்தய வண்டி போல் ஆக்குவோர் உண்டு. முன் ஃபோர்க்கை நீட்டி, கார்ச் சக்கரம் போன்ற தடித்த டயரைப் பின்னால் மாட்டுவோரும் உண்டு. வேலை முழுமையாக முடிந்த வண்டியைவிட, பாதியில் நிற்கும் வண்டிதான் மிகுதியாக விலைக்கு வருகிறது. அது ஏன் பாதியில் நின்றது என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. பணம் தீர்ந்துவிட்டது, விசா வந்துவிட்டது, திருமணம் ஆகிவிட்டது என்பனவெல்லாம் நம்பத்தக்க காரணங்களே. ஆனால் "ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்" என்ற காரணம் ஒன்று உண்டு. அதை யாரும் தாமாகச் சொல்வதில்லை.

வண்டிக்கு முன் காகிதம்

வண்டியைப் பார்ப்பதற்கு முன் ஆர்.சி.யைப் பாருங்கள். அசல் வேண்டும். ஜெராக்ஸ் நகலோ, கைபேசியில் உள்ள படமோ போதாது. அதில் உள்ள பெயர் விற்பவரின் பெயர்தானா? பாதி முடிந்த வண்டிகள் பெரும்பாலும் இரண்டு மூன்று கை மாறி வந்தவை. ஒவ்வொருவரும் முந்தையவரிடம் 29, 30ஆம் எண் படிவங்களில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றாமலேயே அடுத்தவரிடம் தள்ளிவிட்டிருப்பர். ஆர்.சி.யில் உள்ளவர் சவூதியில் இருப்பார், அல்லது காலமாகியிருப்பார். காலமாகியிருந்தால் வாரிசுகள் 31ஆம் எண் படிவத்தின் வழியாக முதலில் தம் பெயருக்கு மாற்றிக்கொண்ட பின்னரே உங்களுக்கு விற்க முடியும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும், அந்த வண்டி எத்தனை மலிவானாலும் நமக்கு வேண்டாம்.

பதிவு பெற்ற உரிமையாளரே விபத்துக்குப் பொறுப்பாளி என்று உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு ஒரு வழக்கில் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த வழக்கிலும் வண்டி பல கை மாறியிருந்தது, பெயர் மட்டும் மாறாமல் இருந்தது. எனவே பெயர் மாற்றிக் கொடுப்பது விற்பவருக்கும் நன்மையே. அதை எடுத்துச் சொல்லியும் தயங்குகிறவரிடம் வேறு ஏதோ சிக்கல் இருக்கிறது என்று கொள்ளலாம்.

அடுத்து, பதிவுக் காலம். தனியார் வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். நம் ஊர் வழக்கில் இதை எஃப்.சி. காட்டுவது என்போம். கடைசியாக வெளிவந்த 1996ஆம் ஆண்டு ஆர்.எக்ஸ். 100 வண்டியைக்கூட 2011, 2016, 2021 எனக் குறைந்தது மூன்று முறை காட்டியிருக்க வேண்டும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கடைசியாகக் காட்டியது எப்போது? அதற்கு முன்பா, பின்பா உருமாற்றம் நடந்தது? அறுக்கப்பட்ட வண்டியோடு மோட்டார் வாகன ஆய்வாளரின் முன் நிற்கப்போவது நீங்கள்தாம், விற்றவர் அல்லர்.

இங்கே சட்டத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இளைஞர்கள் இதைக் கேட்க விரும்புவதில்லை என்பதாலேயே பெரியவர்கள் தெரிந்திருப்பது நல்லது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரண்படும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில், 2019ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை மேலும் உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். எஞ்சினை மாற்றியிருந்தால் அதற்கு அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதிந்திருக்க வேண்டும். ஆர்.எக்ஸ். 100இல் ஆர்.எக்ஸ். 135 எஞ்சினைப் பொருத்தியிருப்பது மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. அப்படியானால் காகிதத்தில் 98 சி.சி., வண்டியில் 132 சி.சி. எரிபொருள் என்ற வரியையும் படியுங்கள். ஒரு காலத்தில் டீசல் புல்லட்டுகளும் ஓடின. அவற்றுக்குப் பின்னாளில் பெட்ரோல் எஞ்சின் பொருத்தியவர்கள் உண்டு. வண்டியின் நிறமும் ஆர்.சி.யில் எழுதப்பட்ட ஒரு விவரம் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

"அதெல்லாம் பழங்கால வண்டி என்று பதிந்துகொள்ளலாம்" என்று சிலர் ஆசை காட்டுவர். 2021இல் வந்த விதிகளின்படி 50 ஆண்டு கடந்த வண்டிகளை அவ்வாறு பதியலாம் என்பது உண்மையே. ஆனால் சட்டம், எஞ்சின் முதலியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல், பழைய நிலையிலேயே பேணப்பட்ட வண்டிகளுக்குத்தான் அந்தச் சலுகை. அறுத்து ஒட்டியதற்கு இல்லை.

இனி, ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியின் அருகே செல்லுங்கள். சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் துணியால் துடைத்து, ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் செய்யும் அதே முறைதான். கண்ணுக்குத் தெரியாத குளறுபடி தாளில் தெரியும். எழுத்துகள் ஒரே வரிசையில், ஒரே ஆழத்தில் இருக்கின்றனவா? அந்த இடத்தில் மட்டும் உலோகம் தேய்க்கப்பட்டிருக்கிறதா? ஐயம் எழுந்தால் பேச்சை வளர்க்காமல் ஸலாம் சொல்லித் திரும்பிவிடுங்கள். திருட்டு வண்டியில் நல்ல திருட்டு வண்டி, கெட்ட திருட்டு வண்டி என்று வகை இல்லை. மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் பதிவு எண்ணைக் கொடுத்தால் பதிவுக் காலம், காப்பீடு, கடன் நிலுவை ஆகியவை தெரியும். நிலுவையிலுள்ள அபராதங்களையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

எலும்புக்கூட்டைப் பாருங்கள்

காகிதம் சரியாக இருந்தால் மட்டுமே இதற்கு மேல் படியுங்கள்.

உருமாற்றிய வண்டியில் கண்ணைப் பறிப்பது பெயின்ட். உங்கள் கண் போகக் கூடாத இடமும் அதுவே. பெயின்ட் அடிக்காத, துருப்பிடித்த, அசிங்கமான நிலையில் உள்ள சட்டம் வாங்குபவருக்கு ஒரு வரம். எல்லாம் வெளியே தெரியும். புதுப் பெயின்ட் மினுமினுக்கும் சட்டத்தில்தான் பட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். சிறு காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். இரும்புக் குழாயில் ஒட்டும் காந்தம், தடித்த பட்டியின் மேல் ஒட்டாமல் நழுவும்.

எங்கே அறுத்திருக்கிறார்கள் என்பதே முக்கியம். பின் ஷாக் அப்சார்பரின் மேல்முனை மாட்டப்பட்டுள்ள இடத்துக்குப் பின்னால் அறுத்திருந்தால், அந்தப் பகுதி சுமப்பது இருக்கையையும் மட்கார்டையும் மட்டுமே. நல்ல வெல்டிங்காக இருந்தால் ஒருவாறு ஏற்றுக்கொள்ளலாம். அந்த இடத்துக்கு முன்னால் கை வைத்திருந்தால் வண்டியின் முதுகெலும்பிலேயே கை வைத்துவிட்டார்கள் என்று பொருள். ஷாக் அப்சார்பரையே கழற்றிவிட்டு வெறும் குழாயை வைத்து ஒட்டியிருப்பதும் உண்டு. நம் சாலைகளின் பள்ளங்களும் வேகத்தடைகளும் ஓட்டுபவரின் இடுப்பில் நேராக வந்து இறங்கும். அத்தகைய வண்டி வேண்டவே வேண்டாம்.

வெல்டிங் தழும்பை விரலால் தடவிப் பாருங்கள். அடுக்கி வைத்த நாணயங்களைப் போல் சீராக, இரு குழாய்களையும் கவ்விப் பிடித்திருக்க வேண்டும். கோலிக்குண்டு போல் மேலே உருண்டு நின்றாலோ, ஊசித் துளைகள் இருந்தாலோ, விளிம்பில் குழாய் பள்ளமாக அரிக்கப்பட்டிருந்தாலோ அது பிடிப்பில்லாத ஒட்டு. நன்றாக அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தால் அழகுக்காகவும் இருக்கலாம், மறைப்பதற்காகவும் இருக்கலாம். வேலை நடந்தபோது எடுத்த படங்களைக் கேளுங்கள். இந்தக் காலத்தில் படம் எடுக்காமல் யாரும் வண்டியை அறுப்பதில்லை.

கைப்பிடிக்குக் கீழே, முன் ஃபோர்க் சட்டத்தோடு இணையும் கழுத்துப் பகுதியை விளக்கடித்துப் பாருங்கள். மயிரிழை போன்ற பெயின்ட் வெடிப்பும், அதன் ஊடாகத் துருக்கோடும் தென்பட்டால் உள்ளே இரும்பு விரிசல் கண்டிருக்கலாம். நேருக்கு நேர் மோதிய வண்டியும் தன் கதையை இங்கேதான் சொல்லும். பழைய புல்லட்டில் இன்னொன்று கவனிக்கத்தக்கது. அதன் சட்டத்தின் முன்குழாய் எஞ்சினில் வந்து முடிகிறது. எஞ்சினே சட்டத்தின் ஓர் உறுப்பாக நின்று பாரம் தாங்குகிறது. ஆகவே எஞ்சினைப் பிடிக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருந்தாலோ, அளவு மாறிய போல்ட்டுகளைத் திணித்திருந்தாலோ அது வெறும் அதிர்வுப் பிரச்சினை மட்டுமன்று.

இரு சக்கரங்களும் ஒரே நேர்கோட்டில் ஓடுகின்றனவா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. தரையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, வண்டியை அதன் வழியே நேராகத் தள்ளிக்கொண்டு போங்கள். ஈரத் தடம் ஒன்றாகத் தெரிந்தால் நல்லது. இரண்டாகப் பிரிந்து ஓடினால் சட்டம் கோணலாக இருக்கலாம், பின் சக்கரம் மையத்தில் இல்லாமலும் இருக்கலாம். தடித்த டயர் மாட்டிய வண்டிகளில் இது மிகுதி. சங்கிலிக்கு இடம் போதாமல் சக்கரத்தை ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். டயரின் ஓரம், சங்கிலியின் உட்புறம், ஸ்விங் ஆர்ம் ஆகியவற்றில் தேய்ந்து பளபளக்கும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கைப்பிடியை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்புங்கள். பெட்ரோல் டேங்குக்கும் கைப்பிடிக்கும் நடுவே விரல் நசுங்குகிறதா? தாழ்த்திய கைப்பிடிகளில் இது வழக்கமான குறை. எஞ்சின் ஓடும்போதும் இதைச் செய்யுங்கள். கைப்பிடி திரும்பத் திரும்ப எஞ்சின் ஓசை தானாக உயர்ந்தால், ஆக்ஸிலேட்டர் கேபிள் நீளம் போதாமல் இழுபடுகிறது. சந்து முனையில் திரும்பும்போது வண்டி தானே பாயும்.

எஞ்சினின் இரகசியம் காலையில் தெரியும்

"நாங்கள் வரும் வரை வண்டியைக் கிளப்ப வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டு, ஃபஜ்ருக்குப் பின் நேரத்தோடு போங்கள். போனதும் எஞ்சினைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ அதைத் தயார் செய்துவிட்டார்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். பழைய புல்லட்டுக்கு டீகம்ப்ரஸர், அம்மீட்டர் முள் என்று ஒரு முறை உண்டு. அது தெரிந்த மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்லுங்கள். அந்த முறைப்படி மூன்று நான்கு உதையில் கிளம்ப வேண்டும். உதைக்கும்போது கால் எதிர்ப்பை உணராமல் வழுக்கிக்கொண்டு போனால் உள்ளே அழுத்தம் இல்லை.

சூடேறிய பின்னும் நீல நிறப் புகை நிற்காமல் வந்தால் எண்ணெய் எரிகிறது. எத்தனை முறை போர் செய்தார்கள், இப்போது உள்ள பிஸ்டன் எத்தனையாவது ஓவர்சைஸ் என்று கேளுங்கள். கடைசி அளவு வரை போயிருந்தால் அடுத்த முறை புது ஸ்லீவ்தான். எண்ணெய்க் கசிவுக்கு மட்டும் மிரள வேண்டாம். கசியாத பழைய புல்லட்டில் எண்ணெயே இருக்காது என்று பட்டறைக்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆர்.எக்ஸ். 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் சைலன்சரை அறுத்துச் சத்தம் கூட்டியிருப்பார்கள். அந்த வகை எஞ்சினில் சைலன்சரின் உள்வடிவம் எஞ்சின் வேலையின் ஒரு பகுதி. அதைக் கெடுத்தால் சத்தம் வரும், கீழ் கியர்களில் இழுவை போகும். அண்டை வீட்டில் தூங்கும் குழந்தையையும் நோயாளியையும் பற்றித் தனியே சொல்ல வேண்டுமா?

வயரிங்கை ஒரு கண் பாருங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள், ஃப்யூஸ் இல்லாத பாட்டரி, டேங்குக்கு அடியில் நசுங்கும் வயர் ஆகிய மூன்றில் எது இருந்தாலும் முழு வயரிங்கையும் புதிதாகப் போடும் செலவைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

பின்னால் உட்காருவது யார்?

நமது வீடுகளில் மோட்டார் சைக்கிள் என்பது ஒருவருக்கான வாகனம் அன்று. உம்மாவை மருத்துவமனைக்கும், தங்கையைக் கல்லூரிக்கும், நாளை மனைவியைத் தாய்வீட்டுக்கும் அழைத்துச் செல்லப்போவது அதுவே. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பின்னால் அமர்பவருக்குப் பிடிமானம், கால் வைக்கும் இடம், துணி சிக்காதபடி பின் சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டும். அழகு கெடுகிறது என்று உருமாற்றுவோர் முதலில் கழற்றி எறிவது இவற்றைத்தான். காற்றில் பறக்கும் புர்காவின் ஓரமோ, சேலைத் தலைப்போ, துப்பட்டாவோ திறந்த சங்கிலியிலும் ஆரக்கால்களிலும் சிக்கினால் ஒரு கணத்தில் ஆளை இழுத்துக் கீழே தள்ளிவிடும். கழுத்தில் சுற்றிய துணியாக இருந்தால் என்ன நேரும் என்பதை எழுதக் கை கூசுகிறது. இந்தத் தடுப்புகளை மறுபடி பொருத்தச் சட்டத்தில் துளைகளும் பட்டைகளும் மிச்சம் இருக்கின்றனவா, அல்லது அரத்தால் தேய்த்து அழித்துவிட்டார்களா என்று பாருங்கள். மகன் இதற்கு உடன்படவில்லையென்றால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் நீங்கள் "வேண்டாம்" என்று சொல்வதே முறை.

விலை பேசுதல்

விற்பவர் தாம் செலவழித்த கணக்கை ஒப்பிப்பார். பெயின்டுக்கு இவ்வளவு, லேத் வேலைக்கு இவ்வளவு, வெளிநாட்டு விளக்குக்கு இவ்வளவு என்று. அது அவருடைய ஆசைக்கு அவர் கொடுத்த விலை. உங்கள் கணக்கு வேறு. அதே ஆண்டைச் சேர்ந்த, மாற்றப்படாத, நன்றாக ஓடும் வண்டி உங்கள் ஊரில் என்ன விலைக்குப் போகிறது? அதிலிருந்து, இந்த வண்டியைச் சட்டப்படி சாலையில் ஓட்டும் நிலைக்குத் திரும்பக் கொண்டுவர ஆகும் செலவைக் கழியுங்கள். கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு: நல்ல வண்டி 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காணாமற்போன உதிரிகளுக்கு 25,000, எஞ்சின் வேலைக்கு 20,000, எஃப்.சி.க்கும் காகிதங்களுக்கும் 10,000 என்றால் மிஞ்சுவது 45,000. பாதி வேலை என்றுமே நினைத்ததைவிடக் கூடுதலாகச் செலவு வைக்கும். ஆதலால் அதற்கும் கீழே பேசுவதில் தவறில்லை.

கழற்றிய அசல் உதிரிகள் எங்கே என்று கட்டாயம் கேளுங்கள். அசல் மட்கார்டு, இருக்கை, சைலன்சர், கைப்பிடி ஆகியவை மூட்டையாக இருந்தால், அந்த மூட்டை புதுப் பெயின்டைவிட மதிப்புள்ளது. இல்லையெனில் சென்னை புதுப்பேட்டையிலும், ஊர் ஊராகக் காயலான் கடைகளிலும் தேடி அலைய வேண்டும். (காயலான் கடை என்ற பெயரில் நம் காயல்பட்டினத்து வணிகர்களின் நினைவு ஒட்டிக்கொண்டிருப்பதாகப் பெரியவர்கள் சொல்வர்.) மூட்டையைப் பிரித்து, ஒவ்வோர் உதிரியும் அந்த வண்டிக்கு உரியதுதானா என்று மெக்கானிக்கைக் கொண்டு சரிபாருங்கள். "எல்லாம் அதில் இருக்கிறது" என்ற வார்த்தையை மட்டும் நம்பிப் பணம் எண்ணிவிடாதீர்கள்.

வாங்குவது என்று முடிவாகிவிட்டால், 29, 30ஆம் படிவங்களில் விற்பவர் உங்கள் கண்ணெதிரே கையெழுத்திட வேண்டும். வேறு மாநில வண்டியென்றால் 28ஆம் படிவத்தின் வழியாகத் தடையின்மைச் சான்று தேவை. நிதி நிறுவனக் கடன் பதிவாகி இருந்தால், அது தீர்ந்ததற்கான 35ஆம் படிவமும் தேவை. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அப்போது வண்டியில் உள்ள மாற்றங்களை மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். மறைத்துவிட்டுப் பின்னர் வண்டிச் சேதத்துக்கு இழப்பீடு கேட்டால், நிறுவனம் அதையே காரணம் காட்டி மறுக்கலாம். பெயர் மாறி ஆர்.சி. கைக்கு வரும் வரை முழுப் பணத்தையும் கொடுத்துவிடாமல், ஒரு பகுதியை எழுத்து மூலம் நிறுத்தி வையுங்கள். வண்டியை ஓட்டிக்கொண்டு வராமல், ஒரு மினி லாரியில் ஏற்றி நேரே பட்டறைக்குக் கொண்டு போங்கள். பிரேக் ஷூ, கேபிள்கள், டயர், சங்கிலி ஆகியவற்றைப் பார்த்து, தேவையானவற்றை மாற்றிய பிறகே மகன் அதில் ஏறட்டும், தலைக்கவசத்தோடு.